புத்தகத்தைத் திறந்ததும் கண் சொக்குவது ஏன்?

பகல் முழுவதும் வேலைக்கு நடுவே நினைத்து ஏங்கிய கதையை, இரவு உணவு முடிந்து வீடு அடங்கிய பிறகு, கட்டிலில் சாய்ந்தபடி பிரிக்கிறோம். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகத் தொடங்குகிறது. ஒரே வரியை மூன்றாவது முறையாகப் படிக்கிறோம் என்பது மங்கலாகத் தெரிகிறது. நான்காவது முறை படிக்கும்போது அச்சில் இல்லாத ஒரு சொல் அந்த வரிக்குள் புகுந்துவிடுகிறது. அடுத்த கணம் புத்தகம் மார்பின்மேல் கவிழ்ந்து கிடக்கிறது, விளக்கை அணைக்க வேறு யாராவது வர வேண்டியிருக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர் தூங்கி வழிந்தால் வீடே கவலைப்பட்டு ஆளுக்கொரு யோசனை சொல்கிறது. மகிழ்ச்சிக்காகப் படிப்பவருக்கு இதே நிலை நேர்ந்தால், தூக்கம் வந்தால் தூங்க வேண்டியதுதானே என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் எதிர்வீட்டில் பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகங்கள் எடுத்து வந்து படித்தவர். சென்ற ஆண்டு ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "புத்தகத்தை எடுத்தாலே கண்ணு சொக்குது தம்பி. படிக்கிற ஆசையே எனக்குப் போயிடுச்சுபோல" என்றார். அந்தக் குரலில் இருந்த இழப்பை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. அவரைப் போலவே, தூக்கம் வருவதைத் தம் ஆர்வம் வற்றிவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல வாசிப்பையே கைவிட்டவர்கள் பலரை நான் அறிவேன். ஆர்வத்துக்கும் இந்தத் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு என்பதையும், உடலின் சில எளிய ஏற்பாடுகளைத் தெரிந்துகொண்டால் விழித்திருந்து படிக்கும் நேரத்தைப் பெருமளவு மீட்டுக்கொள்ளலாம் என்பதையும், இந்தப் பொருளுக்குப் புதியவர்களுக்கும் விளங்கும்படி இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தூக்கத்தை வரவழைக்கும் இரண்டு ஏற்பாடுகள்

நமக்கு எப்போது தூக்கம் வரும் என்பதை இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்ற விளக்கத்தை, சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளரான அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்தார். இன்றுவரை தூக்கத்தைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் ஏற்பாட்டைத் தூக்க அழுத்தம் என்று சொல்லலாம். விழித்திருக்கும்போது மூளையின் செல்கள் ஆற்றலைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செலவில் அடினோசின் என்ற பொருள் உருவாகி, மணிக்கு மணி மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. மழைநீர் தொட்டியில் நீர் ஏறுவதைப்போல இது ஏற ஏற, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்புப் பகுதிகளின் வேகம் குறைகிறது. நன்றாகத் தூங்கி எழுந்தால் தொட்டி ஏறத்தாழ வடிந்துவிடுகிறது. அரைகுறையாகத் தூங்கினால் மிச்சம் தேங்கி நிற்கும். மறுநாள் கணக்கு அந்த மிச்சத்தின்மேல்தான் தொடங்கும்.

இரண்டாவது ஏற்பாடு உடலின் கடிகாரம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. ஒரு நாள் என்பதை அதுதான் அளந்து, உடல் வெப்பத்தையும் சுரப்புகளையும் விழிப்பையும் ஏற்றி இறக்குகிறது. இந்தக் கடிகாரம் தூக்க அழுத்தத்தோடு சேர்ந்து போவதில்லை. மாலையில் தொட்டி பெரும்பாலும் நிரம்பியிருந்தாலும் நாம் தெளிவாக இருப்பதற்குக் காரணம், கடிகாரம் அந்த நேரத்தில் விழிப்பை மிக வலுவாகத் தாங்கிப் பிடிப்பதுதான். வழக்கமாகத் தூங்கப் போகும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் இந்தப் பிடி மிக உறுதியாக இருக்கிறது. பிறகு பிடி தளர்கிறது. தேங்கி நின்ற அழுத்தம் முழுவதும் ஒரேயடியாக நம்மேல் இறங்குகிறது. 8 மணிக்குக் கலகலப்பாக இருந்தவர் 10 மணிக்குப் புத்தகத்தைப் பிரித்ததும் சாய்ந்துவிடுவதன் பின்னணி இதுதான்.

இதே கடிகாரம் பிற்பகலிலும் ஒரு சிறு சரிவைக் காட்டுகிறது. ஏறத்தாழ 1 மணியிலிருந்து 4 மணிக்குள் வரும் இந்தச் சரிவுக்குச் சாப்பாடுதான் காரணம் என்று நாம் நினைக்கிறோம். 'உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு' என்று பழமொழியும் சொல்கிறது. வயிறு நிறையச் சோறு உண்டால் மயக்கம் கூடுவது உண்மைதான். ஆனால் உண்ணாமல் இருப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் விழிப்பு தளர்வது ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, வாரம் முழுக்கக் காத்திருந்த நாவலைப் பிரிப்பவர், தம்மை அறியாமலேயே மிகக் கடினமான நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

வாசிப்புக்கு உகந்த அந்த மாலை நேரம் பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் போய்விடுகிறது என்பதை வருத்தத்தோடுதான் குறிப்பிட வேண்டியிருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் எஞ்சும் களைத்த அரைமணி நேரத்தை மட்டும் புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டு, அது நம்மைத் தூங்க வைக்கிறது என்று புத்தகத்தின்மேல் பழி சொல்வது முறையாகாது.

படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது?

அதே இரவில் அதே மனிதர் தொலைக்காட்சியின் முன் 11 மணி வரை உட்கார்ந்திருக்கிறாரே, புத்தகத்தின் முன் மட்டும் ஏன் முடியவில்லை என்ற கேள்வி நியாயமானது. திரையில் ஒளியும் ஒலியும் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறி, கவனத்தை வெளியிலிருந்து தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கின்றன. அச்சிட்ட பக்கமோ அசையாமல் இருக்கிறது. அதில் ஓசையும் இல்லை, நிறமும் இல்லை. கறுப்பு எழுத்துகளிலிருந்து ஒரு தெருவையும் ஒரு முகத்தையும் ஒரு குரலையும் உண்டாக்கும் வேலை முழுவதையும் வாசகரின் மூளையே செய்கிறது. அந்த வேலைக்கு முழு விழிப்பு வேண்டும். ஆனால் வேலை நடக்கும்போது உடலோ அசைவற்று, அமைதியான அறையில், சாய்ந்த நிலையில் இருக்கிறது. உடலில் தேங்கியிருக்கும் தூக்கம் வெளிப்படுவதற்கு இதைவிட வசதியான சூழல் அமைவது அரிது.

மருத்துவர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் மரே ஜான்ஸ், பகல்நேரத் தூக்கத்தை அளக்க 1991இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். எட்டுச் சூழல்களைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் இடச் சொல்லும் அந்தத் தாளின் முதல் சூழலே, உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதுதான். தொலைக்காட்சி பார்ப்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. மொத்த மதிப்பெண் 24. 10ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறியது என்று கொள்கிறார்கள். வாசிப்பு தூக்கத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்ற புரிதல்தான் இந்த வினாத்தாளின் அடிப்படை. நான் சொல்ல வந்த செய்தியின் மையமும் இதுதான்.

உள்ளே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை நாமே உணர்வதில்லை என்பது இதில் கவலைக்குரிய பகுதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து 14 நாள்கள் இரவுக்கு 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனத்திறன், ஒன்றிரண்டு இரவுகள் அறவே தூங்காதவர்களின் நிலைக்குச் சரிந்தது. ஆனால் தங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்டபோது, முதல் சில நாள்களுக்குப் பிறகு அவர்களுக்குப் பெரிய மாறுதல் எதுவும் தெரியவில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. பேருந்தில் நின்றுகொண்டும் அலுவலகத்தில் பேசிக்கொண்டும் இருக்கும்வரை 5 மணி நேரத் தூக்கமே போதும் என்று தோன்றும். புத்தகத்தோடு அமைதியாக உட்காரும் முதல் பத்து நிமிடத்தில் மீதி 2 மணி நேரம் கணக்குக் கேட்கிறது.

கண்ணின் பங்கு

வாசிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜாவாலின் ஆய்வுகளிலிருந்து இந்தத் தாவல்கள் பரவலாகத் தெரிய வந்தன. ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் கண் ஏறத்தாழ கால் நொடி நிற்கிறது. அந்த நிறுத்தத்தில்தான் எழுத்து மூளைக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு மணி நேர வாசிப்பில் இப்படிப் பல்லாயிரம் தாவல்கள் நடக்கின்றன. இதற்கிடையே, அருகில் இருக்கும் பக்கத்தைத் தெளிவாகக் காண்பதற்காகக் கண்ணுக்குள் இருக்கும் ஒரு சிறு தசை இடைவிடாமல் இறுகி நிற்கிறது. இரண்டு கண்களும் மூக்கை நோக்கிச் சற்று உள்வாங்கியபடியே இருக்கின்றன. போதாததற்கு, படிப்பில் ஆழும்போது இமைப்பதும் வெகுவாகக் குறைந்து கண் உலர்கிறது. இந்தக் களைப்பும் எரிச்சலும் இமையைக் கனக்கச் செய்வதால், தூக்கம் உண்மையில் வராதபோதும் வந்துவிட்டதைப்போல ஓர் உணர்வு எழுகிறது.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை நெகிழ்வை இழப்பதால் அருகில் உள்ள எழுத்து மங்குகிறது; இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். கண்ணாடி போடாமலோ, பல ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்த பவரிலேயே காலம் தள்ளியோ படிப்பவர், ஒவ்வொரு வரியோடும் போராடுகிறார். போராட்டம் அவருக்குத் தெரிவதில்லை, களைப்பு மட்டும் தெரிகிறது. இளம் வயதினரிலும் சிலருக்கு இரு கண்களையும் அருகிலுள்ள பொருளை நோக்கிக் குவிக்கும் திறன் குறைவாக இருக்கும். இந்தக் குறையைக் கண்டறியக் கண் மருத்துவர்கள் கேட்கும் 15 கேள்விகளில், படிக்கும்போது தூக்கம் வருகிறதா என்பதும் ஒன்று. ஒரு பென்சிலின் முனையைக் கைநீளத் தொலைவிலிருந்து மூக்கை நோக்கி மெல்லக் கொண்டு வரும்போது, மூக்குக்கு வெகு தொலைவிலேயே முனை இரண்டாகத் தெரியத் தொடங்கினால், கண் மருத்துவரிடம் போய்க் காட்டிக்கொள்வது நல்லது.

பென்சில் புள்ளிகள்

எதிர்வீட்டுப் பெரியவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். கண் சொருகத் தொடங்கும் அந்தக் கணத்தில், படித்துக்கொண்டிருக்கும் வரிக்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்து, மணியையும் குறித்துவிட வேண்டும். 14 நாள்கள் இப்படிச் செய்ய வேண்டும். நூலகப் புத்தகத்தில் கோடு போட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே பழைய நாட்காட்டித் தாளை நீளவாக்கில் கிழித்து, பக்கத்தின் ஓரத்தில் ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, புள்ளிகளை அதன்மேல் வைத்தார். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது இருவருக்குமே வியப்பாக இருந்தது. மதியம் 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையே உட்கார்ந்த எந்த நாளிலும் அவர் நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. இரவு 10 மணிக்கு மேல் நிலைமை அதைவிட மோசம். காலையில் செய்தித்தாள் முடித்த கையோடு புத்தகத்தை எடுத்த நாள்களிலோ, 30 பக்கம் வரை ஒரு புள்ளியும் இல்லை.

அந்தத் தாள்களில் வேறொன்றும் இருந்தது. பொடி எழுத்தில் அச்சான ஒரு பழைய பதிப்பைப் படித்த நாள்களில் மட்டும், காலையிலும்கூடப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. அவருடைய கண்ணாடி 6 ஆண்டுகளுக்கு முன் வாங்கியது என்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. அவர்கள் வீட்டுக் குழாயில் விடியற்காலை 4 மணிக்குத் தண்ணீர் வரும் என்பதால், 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்து, பிறகு தூங்காமல் இருப்பது அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. ஐந்து மணி நேரத் தூக்கமும், கண்ணுக்குப் பொருந்தாத கண்ணாடியும், நாளின் மிகத் தளர்ந்த நேரமும் சேர்ந்து செய்த வேலையை, நாற்பது ஆண்டு ஆசை மறைந்துவிட்டதாக அவர் நம்பியிருந்தார்.

இந்தப் பயிற்சியை யாருக்கும் பரிந்துரைக்க நான் தயங்கமாட்டேன். பொதுவான அறிவுரைகளைக் காட்டிலும் சொந்தப் புள்ளிகள் ஒருவருக்கு அதிகம் சொல்லிக் கொடுக்கின்றன.

எப்படி உட்காருவது, எங்கே உட்காருவது

படுத்துக்கொண்டு படிப்பதுதான் பலருக்கு வாசிப்பின் இன்பமே. அந்த இன்பத்தைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. ஆனால் படுத்ததும் உடலில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். படுக்கும்போது கை கால்களுக்கு இரத்த ஓட்டம் கூடி, தோல் வழியாக வெப்பம் வெளியேறி, உடலின் உள்வெப்பம் மெல்ல இறங்குகிறது. தூக்கத்துக்கு முன் இயல்பாக நடக்கும் மாற்றமும் இதுவே. மேலும், உட்கார்ந்திருக்கும்போது தலையைத் தாங்க முதுகிலும் கழுத்திலும் உள்ள தசைகள் சற்று இறுகியிருக்க வேண்டும். தூக்கம் தட்டினால் அந்தத் தசைகள் தளர்ந்து தலை முன்னால் சரிகிறது. அந்தச் சரிவே நம்மை எழுப்பிவிடும் மணியாக அமைகிறது. தலையணையில் தலையைக் கொடுத்துவிட்டவருக்கு அந்த மணி அடிப்பதே இல்லை.

இவற்றைவிட ஆழமான காரணம் பழக்கம். தூக்கம் வராமல் தவிப்பவர்களுக்காக ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும், அங்கே படிப்பது போன்ற வேறு வேலைகள் கூடாது என்பது அதன் சாரம். படுக்கை என்றால் தூக்கம் என்று உடல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவர் அதைச் சொன்னார். நம் நிலைமை இதற்கு நேர்மாறானது. பத்தாண்டுகளாக ஒவ்வோர் இரவும் தூக்கத்தை வரவழைக்கவே நான்கு பக்கம் புரட்டியவரின் உடல், புத்தகம் என்றால் தூக்கம் என்று கற்றுக்கொண்டுவிட்டது. காகிதத்தின் மணமும் தாளைப் புரட்டும் ஓசையும்கூட அவருக்குத் தாலாட்டாகிவிடுகின்றன. கற்றுக்கொண்டதை மறக்கச் செய்ய வழி உண்டு. படுக்கைக்கு ஒரு புத்தகத்தையும் நாற்காலிக்கு வேறொரு புத்தகத்தையும் ஒதுக்கிவிட்டு, நாற்காலிப் புத்தகத்தை எக்காரணம் கொண்டும் கட்டிலுக்கு எடுத்துப் போகாமல் சில வாரங்கள் இருந்தால், அந்தப் புத்தகத்தோடு விழிப்பு மீண்டும் ஒட்டிக்கொள்வதை நான் என்னிடமே கண்டிருக்கிறேன்.

சாய்வு நாற்காலி கட்டிலுக்கு நெருங்கிய உறவு என்பதால் அதையும் விட்டுவிடலாம். பாதம் இரண்டும் தரையில் பதியும்படியான சாதாரண நாற்காலியே போதும். புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்து படித்தால் கழுத்து வலித்து, வலியைத் தணிக்கச் சாயத் தோன்றும், சாய்ந்தால் தூக்கம்தான். இதற்கு நம் முன்னோர் வைத்திருந்த தீர்வு வியாசபீடம். இரண்டு பலகைகள் குறுக்காகப் பின்னி மடங்கும் அந்தச் சிறு மரத் தாங்கியைப் பூசை அறையில் மட்டும் வைத்துவிட்டோம். மேசைமேல் வைத்து அதில் புத்தகத்தைச் சாய்த்தால், பக்கம் கண்ணுக்கு நேராக எழுந்து நிற்கும், கையும் ஓயும். வீட்டில் வியாசபீடம் இருப்பவர்கள் ஒருமுறையாவது நாவலுக்கு அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கண் கனக்கத் தொடங்கியதும் எழுந்து நின்றபடி இரண்டு பக்கம் படிப்பது உடனடியாகப் பலன் தரும். வாய்விட்டு வாசிப்பது அதைவிட மேலானது. மூச்சும் நாக்கும் செவியும் வேலையில் இறங்கிவிட்டால் மனம் வரியை விட்டு நழுவுவது கடினம். ஊர்ப் பொது இடத்தில் ஒருவர் பாரதக் கதையை உரக்க வாசிக்க மற்றவர்கள் இரவு நெடுநேரம் விழித்திருந்து கேட்ட வழக்கம் நம்மிடம் இருந்தது. தேநீர்க் கடைகளில் செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிப்பதும் அதே வழியில் வந்ததுதான். வாசிப்பு என்பது தனியாக, மௌனமாக, படுத்தபடி செய்வது என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

வெளிச்சம், காபி, குட்டித் தூக்கம்

நம் வீடுகளில் பெரும்பாலும் சுவரின் உச்சியில் ஒரு குழல் விளக்கு இருக்கும். படிப்பவர் அறையின் மறுமூலையில் இருப்பார். வெளிச்சம் தொலைவைப் பொறுத்து மிக வேகமாகக் குறைகிறது. ஒரு சிறு பல்பு 3 அடியிலிருந்து 6 அடிக்கு நகர்ந்தால், பக்கத்தின்மேல் விழும் அதன் ஒளி பாதியாக அல்ல, ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அறைக்குப் பெரிய விளக்கு வாங்குவதைக் காட்டிலும், தோளுக்குப் பின்னால் ஒரு சிறு மேசை விளக்கை நெருக்கமாக வைப்பது பயன் தரும் என்பதற்கு இதுவே காரணம். பகலில் சன்னல் ஓரத்துக்கு ஈடு எதுவும் இல்லை. விழித்திரையில் பார்வைக்கு உதவும் செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை உடல் கடிகாரத்துக்குத் தெரிவிக்கும் தனி செல்களும் உண்டு. நீல ஒளிக்கு அவை மிகுதியாக வினைபுரிகின்றன. பகல் வெளிச்சத்தில் அமர்ந்து படிப்பவரின் கடிகாரம், பகல்தான் என்று உறுதியாக நம்புகிறது.

இதே காரணத்தால், இரவில் விழித்திருக்க ஒளி உமிழும் திரையில் படிக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். விழிப்பு கிடைக்கத்தான் செய்யும்; அதற்கான விலை மறுநாள் தெரியும். அமெரிக்காவில் 12 பேரை வைத்து நடத்தி 2015இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் 4 மணி நேரம் அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிட ஒளிர்திரையில் படித்த இரவுகளில், தூக்கம் பிடிக்க ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாக ஆனது; உடல் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தள்ளிப் போனது; மறுநாள் காலையில் தெளிவும் குறைந்தது. இன்றிரவின் 20 பக்கத்துக்காக நாளைய 40 பக்கத்தை விட்டுக்கொடுப்பதாகவே இதை நான் பார்க்கிறேன்.

காபியின் கணக்கும் ஏறத்தாழ இப்படித்தான். காபியில் உள்ள கஃபீன், மூளையில் அடினோசின் போய் அமர வேண்டிய இடங்களைத் தான் பிடித்துக்கொள்கிறது. தொட்டியில் நீர் குறைவதில்லை. நீர்மட்டத்தைக் காட்டும் முள் மட்டும் சிறிது நேரம் மறைக்கப்படுகிறது. குடித்ததில் பாதி உடலிலிருந்து நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். எனவே பிற்பகல் 3 மணி டிகிரி காபி மாலை வாசிப்புக்கு உதவும். இரவு 8 மணிக் காபி தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் வாசிப்பையும் கெடுக்கும். முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்துக்கொள்வது சில நிமிடங்களுக்கு மட்டுமே பயன்படும்.

விழித்திருந்து படிக்க விரும்புபவருக்கு நான் முதலில் சொல்லும் வழி, படிப்பதற்கு முன் சிறிது தூங்கிவிடுவது. 15 அல்லது 20 நிமிடக் குட்டித் தூக்கம், தொட்டியிலிருந்து கொஞ்சம் நீரை வடித்துவிடும். அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிட்டு, எழும்போது தலை கனத்து, தெளிய மேலும் அரைமணி ஆகிவிடும். கைப்பேசியில் 20 நிமிடத்துக்கு மணி வைத்துக்கொண்டு, அது அடித்ததும் முகம் கழுவி, வெளிச்சமான இடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தால், மதிய நேரத்தின் சரிவைக்கூடத் தாண்டிவிடலாம்.

இரவில் போதிய நேரம் தூங்கியும், நேரத்தையும் இருக்கையையும் மாற்றியும், பகலில் படிக்க உட்கார்ந்ததும் கண்ணயர்வது தொடர்ந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பலத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறுபவர்களுக்கு, 8 மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் துண்டுதுண்டாகத்தான் கிடைத்திருக்கும். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் ஆளை ஓயச் செய்யும். சளிக்கும் ஒவ்வாமைக்கும் சாப்பிடும் சில மாத்திரைகள், குறிப்பாகப் பழைய வகை மாத்திரைகள், நேரடியாகவே தூக்கத்தைத் தரும். மூக்கடைப்புக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு புத்தகத்தைக் குறைசொல்பவர்கள், மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

தூக்கம் வென்றுவிட்ட இரவுகளில்

இத்தனையும் செய்த பிறகும் சில இரவுகளில் கண் சொருகத்தான் செய்யும். அந்த நேரத்தில் மூளை ஒரேயடியாக அணைந்துவிடுவதில்லை. முதலில் சில நொடிகள் மட்டும் நீடிக்கும் குறுந்தூக்கங்கள் வந்து போகின்றன. கண் திறந்தேகூட இருக்கலாம். வரியை விட்டு நழுவிய மனம், அந்த இடைவெளியைத் தன் சொந்தச் சொற்களால் நிரப்புகிறது. அச்சில் இல்லாத சொல் வரிக்குள் புகுவதும், கதாபாத்திரம் திடீரென்று நம் வீட்டு மாடிப்படியில் ஏறி வருவதும் அப்போதுதான். இந்த நிலைக்கு வந்துவிட்டால் இன்னும் ஒரு பத்தி என்று போராடுவதில் பொருள் இல்லை என்பது என் எண்ணம். படித்ததாக நாம் நினைப்பதில் பாதி நாமே கண்ட கனவாக இருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. தூக்கத்தில் விழுவதற்கு முந்தைய சில நிமிடங்களில் கண்டதும் கேட்டதும் நினைவில் நிலைப்பதில்லை. அந்த நிமிடங்களில் படித்த பக்கம் நன்றாகப் புரிந்திருந்தால்கூட, மறுநாள் அது இருக்காது. எனவே புத்தகம் கவிழ்ந்த இடத்திலிருந்து தொடங்கினால் கதையில் ஓர் ஓட்டை விழுந்துவிடும். பலர் பாதியில் ஆர்வம் இழந்து நாவலை மூடிவைப்பதற்கு இப்படிப்பட்ட சிறு ஓட்டைகள் சேர்ந்துபோவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஒன்றரைப் பக்கம் பின்னால் போய்த் தொடங்கினால் போதும்.

எதிர்வீட்டுப் பெரியவர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். தண்ணீர் பிடித்து முடித்ததும் மறுபடியும் ஒன்றரை மணி நேரம் படுத்துவிடுகிறார். காலைச் செய்தித்தாளுக்கும் குளியலுக்கும் இடையே, சன்னல் ஓரத்து மர நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறார். நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் பழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. இரவில் புள்ளி விழுந்தால், அந்தத் தாளை அங்கேயே வைக்காமல் இரண்டு பக்கம் பின்னால் நகர்த்திச் செருகிவிட்டு விளக்கை அணைக்கிறார்.